அசல் அளவு

— அதான் சொல்றேனே தங்கச்சி, மெயில் இதைத் தாங்காது. தீப்பெட்டிக்குள்ள தலகாணியைத் திணிக்க முடியுமா? இருபத்தஞ்சு எம்பிதான் அதோட எல்லை. உன் வீடியோ அதைப் போல ஆறேழு மடங்கு இருக்கு.

— தெரியும்க்கா. ஃபோனே கேக்கும், ‘ரொம்பப் பெரிசா இருக்கு, சுருக்கி அனுப்பட்டுமா’ன்னு. நானும் சரின்னு அழுத்திடுவேன். போன ரெண்டு தடவையும் அப்படித்தான் போச்சு. ஆனா அப்பாவுக்குப் புரியலையாம். கை தெளிவா தெரியல, தெளிவா அனுப்புங்கன்னு பதில் வந்துச்சு. என்ன பண்றதுன்னு கீழ செருப்புக் கடையில கேட்டேன். மாடியில கல்யாண வீடியோ வெட்டி ஒட்டறவங்க இருக்காங்க, அவங்களைப் போய்க் கேளுன்னாரு.

— செருப்புக் கடைக்காரரா என்னை சிபாரிசு பண்ணாரு? ஞாயித்துக்கிழமைங்கறதால மனசு இளகிடுச்சு போல. சரி, முகம் தெரியலன்னா புரியுது. கை தெரியலன்னா என்ன? கையைப் பாத்து அவரு என்ன பண்ணப் போறாரு?

— கைதான்க்கா பேச்சே. அம்மாவுக்குக் காது கேக்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. அப்பாவுக்கும் அப்படித்தான். எங்க வீட்டுல சத்தம் போடற ஆளு நான் ஒருத்திதான்.

— அடடா. நான் பாட்டுக்கு இவங்ககிட்ட உக்காருங்கம்மா, ஃபேன் போடட்டுமாம்மான்னு பேசிட்டே இருந்தேனே. சிரிச்சாங்களே ஒழிய ஒண்ணும் சொல்லலையேன்னு பாத்தேன்.

— அதனால ஒண்ணுமில்லக்கா. இந்தப் பொண்ணு யாரைத் திட்டுதுன்னு அம்மா என்னைக் கேட்டாங்க. திட்டலம்மா, பேச்சே அப்படித்தான்னு சொன்னேன்.

— நல்லா சொன்ன. என் வீட்டுக்காரரும் அதேதான் சொல்லுவாரு. சரி, நான் சொல்றதக் கேளு. வீடியோவை நெட்ல ஏத்திட்டு லிங்க் மட்டும் மெயில்ல அனுப்பிடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

— அங்க லிங்க் திறக்காதுக்கா. அப்பா இருக்கறது மலை மேல, அணை கட்டற இடம். ஃபோனுக்கு டவர் கிடையாது. ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுலயும் மெயிலைத் தவிர மத்ததெல்லாம் அடைச்சு வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில கிளார்க் ஆபீஸைத் திறந்து, வீட்டுல இருந்து மெயில் வந்தவங்களை மைக்ல பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அப்பாவுக்கு மட்டும் ஆள் விட்டுத் தோளைத் தட்டச் சொல்லுவாரு.

— அங்க அவருக்கு என்ன வேலை?

— தச்சர்க்கா. கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி பலகை அடைப்பாங்கல்ல, அது. போயி ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இங்க இருந்த வரைக்கும் யாரு வேலை குடுத்தாலும் பக்கத்துல இன்னொருத்தனை வெச்சுத்தான் பேசுவாங்க. அங்க என்ஜினீயர் வரைபடத்தை நேரா அப்பா கையில குடுக்கறாராம். அவருக்குக் கீழ பதினஞ்சு பேரு. முதல் தடவை வந்த வீடியோவுல அதை மட்டுமே திருப்பித் திருப்பி சொன்னாரு. வரைபடத்தை வாங்கறாப்பல, கையில விரிச்சுப் பாக்கறாப்பல நடிச்சுக் காட்டி... அம்மா அதை எத்தனை தடவை போட்டுப் பாத்திருப்பாங்கன்னு கணக்கே இல்ல.

— அப்ப எழுதியும் அனுப்ப முடியாதா? கிளார்க் படிச்சு சொல்ல மாட்டாரா?

— அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், டேப்புல அளவு படிக்க வரும். அம்மாவுக்கு அதுவும் இல்ல. ஒரு விஷயத்தை நான் எழுதி, அதைக் கிளார்க் படிச்சு, அவரு கையைக் காலை ஆட்டி அப்பாவுக்கு சொன்னா, அது கடைசில கிளார்க் பேச்சா ஆயிடுதுக்கா. அம்மா பேச்சா இருக்கறதில்ல.

— புரியுது. சரி, இப்ப உனக்கு ஒரு விஷயம் காட்டறேன், இங்க வா. இது நீ போன தடவை அனுப்பினது, இது ஃபோன்ல இருக்கற அசல். வீடியோவை சுருக்கும்போது என்ன ஆகும்னா, அசையாத சுவரு, அலமாரி, அதெல்லாம் அப்படியே இருக்கும். எது அசையுதோ அதுலதான் கை வைக்கும். கல்யாண வீட்டுல பரவாயில்ல, மாப்பிள்ளை கை அலம்பறது மங்கலா இருந்தா யாருக்கு என்ன. உங்க வீட்டுல அசையறதுதானே பேச்சு.

— அதனாலதான் கை எல்லாம் தடதடன்னு, விட்டு விட்டுத் தெரியுதா?

— அதனாலதான் இருக்கும். ஒண்ணும் கவலைப்படாத. நாம சுருக்கவே வேணாம். இருக்கற அசலை அப்படியே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி மெயிலா அனுப்பிடலாம். ஒன்பது நிமிஷத்துக்கு ஒன்பது துண்டு வரும். பேரை ஒண்ணு ரெண்டுன்னு வெச்சுட்டா கிளார்க் வரிசையா போட்டுக் காட்டிடுவாரு. இல்ல, இதுல தேவையில்லாத இடம் ஏதாவது இருந்தா எடுத்துடலாமா? துண்டு குறையும்.

— கேக்கறேன் இருங்க... ஒரு நொடி கூட எடுக்கக் கூடாதாம். இந்த அக்கா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை வேணா வெட்டட்டும், என்னை வெட்ட வேணாம்னு சொல்லுங்கறாங்க.

— அம்மா பலே ஆளா இருக்காங்களே. சரிங்கம்மா, வெட்டல. ஆனா தங்கச்சி, துண்டு எங்க போடறதுன்னு நீதான் சொல்லணும். பாதி பேச்சுல போட்டுடக் கூடாது. ஒரு பேச்சு முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?

— கை ரெண்டும் மடிக்கு வந்துடும்க்கா. மடியில வந்து உக்காந்துச்சுன்னா முற்றுப்புள்ளி.

— ஓட்டறேன், சொல்லு.

— இது வீட்டு ஓனரைப் பத்தி. குழாய் ஒழுகுதுன்னு போய் சொன்னா, அவரு எப்படி கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டுவாருன்னு செஞ்சு காட்டறாங்க. இன்னும் முடியல... இன்னும்... இப்ப. கை மடிக்கு வந்துடுச்சு பாருங்க.

— அந்த ஓனரை நான் பாத்ததே இல்ல, ஆனா நாளைக்குத் தெருவுல எதிர்ல வந்தா கண்டுபிடிச்சுடுவேன். அடுத்தது?

— இது என்னைப் பத்தி. மருந்துக் கடையில எனக்குக் காலை ஷிஃப்ட் மாத்திட்டாங்க, நான் சாயங்காலம் சீக்கிரம் வந்து அவங்க உயிரை வாங்கறேன்னு. இங்க ஒண்ணு. அப்புறம் இது பக்கத்து வீட்டுப் பூனை. எங்க வீட்டு ஜன்னல்லயே குடி இருக்கு. அப்பாவோட சட்டை ஒண்ணு அங்க மடிச்சு வெச்சிருக்கோம், அது மேலதான் படுக்குது, விரட்டினா திரும்பிக் கூடப் பாக்கறதில்ல, அதுக்கும் காது கேக்காதோ என்னமோன்னு சொல்றாங்க. இங்கயும் போட்டுடுங்க.

— இது?

— இதை... நீங்களே பாத்துக் கை மடிக்கு வர்ற இடத்துல போட்டுடுங்கக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். இது எனக்கு சொன்னது இல்ல.

— ஓ. சரி சரி. எனக்கும் ஒண்ணும் புரியாது, பயப்பட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு.

— சொல்லிட்டேன். புரிஞ்சாலும் பரவாயில்ல, உனக்கும் கல்யாணம் ஆயிடுச்சேங்கறாங்க.

— என் முகத்தைச் சிவக்க வைக்காம விட மாட்டாங்க போல. சரி... இந்தத் துண்டும் ஆச்சு. இரு, இதைப் பெரிய திரையில போட்டு ஒரு தடவை சரி பாத்துடறேன். அசலை அப்படியே வெட்டினா படம் கெடாது, ஆனாலும் பாத்துட்டு அனுப்பறது என் வழக்கம்.

— என்னக்கா?

— ஒண்ணுமில்ல. திரும்ப ஓட்டறேன்.

— கை இன்னும் தடதடன்னுதான் இருக்கு. சுருக்கலன்னு சொன்னீங்களே?

— சுருக்கல தங்கச்சி.

— அப்புறம் ஏன் அப்படியே இருக்கு? வெட்டும்போது ஏதாவது ஆயிடுச்சா? என் ஃபோன்ல இருக்கற அசலையே போடுங்க.

— இது அசல்தான். ஒண்ணு கேக்கறேன். எடுக்கும்போது ஃபோனை யாரு பிடிச்சிருந்தா?

— யாரும் பிடிக்கல. தண்ணிக் குடத்து மேல சாய்ச்சு வெச்சுட்டு நான் கடைக்குப் போயிட்டேன். அம்மா தனியாத்தான் பேசுவாங்க. பழைய ஃபோன்க்கா, லென்ஸ் கீறியிருக்கு. அதனால இருக்கும்.

— இருக்கலாம். ஆனா சுவரைப் பாரு. கடிகாரத்துல நொடி முள்ளு ஒவ்வொரு கோடா நகர்றது தெரியுது. அம்மா காதுல இருக்கற கம்மல், கழுத்துல மடிப்பு, எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. எதுவும் ஆடல. கையைத் தவிர.

— நீங்க வேற ஏதாவது மிஷின்ல போட்டுப் பாருங்கக்கா.

— போட்டாலும் இதேதான் தெரியும்.

— அப்ப இது என்னக்கா?

— நான் சொல்றதக் கேளு. என்னை எதுக்குக் கேக்கற. அம்மா பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க. அவங்களைக் கேளு.

— கேட்டா, ஒண்ணுமில்லன்னு தலையாட்டறாங்க. கையை எடுக்கவே மாட்டேங்கறாங்க. ரெண்டையும் முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

— மெதுவா கேளு. அவசரம் இல்ல. நான் வேணா கீழ போயி டீ வாங்கிட்டு வரட்டுமா?

— வேணாம்க்கா, இருங்க. நீங்க போயிட்டா நான் கத்திடுவேன்... மழைக்காலத்துல இருந்து கை நடுங்குதாம். முதல்ல வலது கை மட்டும். ஊசியில நூல் கோக்க முடியலையாம். அம்மா துணிக் கம்பெனியில பட்டன் தைக்கற செக்ஷன்ல இருந்தாங்கக்கா. நடுவுல பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. அதை என்கிட்ட வந்து, எனக்கு ப்ரமோஷன், இனிமே நின்னுக்கிட்டே ராணி மாதிரி வேலைன்னு சொன்னாங்க. நான் நம்பி ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன்.

— டாக்டர்கிட்ட?

— கம்பெனி டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரியில போய்க் காட்டுன்னு சொன்னாராம். போகல. போனா உன்னைத்தானே பேசறதுக்குக் கூட்டிட்டுப் போகணும், உனக்குத் தெரிஞ்சுடுமேங்கறாங்க.

— நீ தினமும் அவங்க கையைப் பாத்துத்தானே பேசற?

— அதான்க்கா எனக்கு... ஒரே வீட்டுல இருக்கேன். இப்பல்லாம் அம்மா பேச்சைக் குறைச்சுக்கிட்டாங்க. முன்னாடி ஒரு கதை சொன்னா கை தோளுக்கு மேல போகும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பறக்கும். இப்ப எல்லாம் இடுப்புக்கிட்டயே, சின்னதா, ரெண்டு அசைவுல முடிச்சுடுவாங்க. இல்லன்னா கையில துணியோ பாத்திரமோ ஏதாவது இருக்கும், கண்ணாலயே ம்ம்பாங்க. வயசாகுது, அலுத்துக்கறாங்கன்னு நினைச்சேன். என்கிட்ட பேசறப்போ சுருக்கிக்கிட்டே வந்திருக்காங்க. அப்பாவுக்கு மட்டும் ஒண்ணும் சுருக்காம இந்த ஒன்பது நிமிஷம் முழுசா பேசியிருக்காங்க, நான் இல்லாத நேரத்துல.

— அழாத. அவங்க பாக்கறாங்க பாரு.

— அழல. என்னமோ சொல்றாங்க, உங்களுக்குத்தான்.

— எனக்கா?

— போன தடவை மாதிரியே சுருக்கி அனுப்பச் சொல்றாங்க. மங்கலா இருக்கட்டுமாம். மங்கலா இருந்தா பழி படத்து மேல போயிடும்ங்கறாங்க... அம்மா, அப்படின்னா அப்பாவுக்கு ஒண்ணுமே புரியாது. அப்புறம் எதுக்கு அனுப்பணும்? ... முகம் தெரிஞ்சா போதும்ங்கறாங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கிளம்பி வந்துடுவாரு. அந்த வரைபடத்தை அப்புறம் வேற யாராவது வாங்கிடுவாங்க. இங்க வந்தா பழையபடி யாரோ ஒருத்தன் பக்கத்துல நின்னு அவருக்காகப் பேசுவான். அணை முடியட்டும், முடிஞ்சு அவரா வரட்டும்ங்கறாங்க.

— எப்ப முடியும்?

— அடுத்த மழைக்கு முன்னாடின்னு அங்க ஆபீஸ்ல சொல்றாங்க. போன வருஷமும் அதைத்தான் சொன்னாங்க.

— அப்ப இந்த வருஷமும் இழுக்கும்.

— நீங்க சொல்லுங்கக்கா. என்ன பண்றது?

— நான் என்ன சொல்றது? சுருக்கறது எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஒரு கல்யாணத்துல சண்டை போட்டுட்டுப் போன சித்தப்பாவையே மொத்த வீடியோவுல இருந்தும் காணாம பண்ணியிருக்கேன். ஆனா இது அவங்க படம், அவங்க பேச்சு. ரெண்டையும் தயார் பண்ணி வெச்சுடறேன். இந்தப் பக்கம் அசல், ஒன்பது துண்டு. இந்தப் பக்கம் சுருக்கினது, ஒரே மெயில். எதை அனுப்பணுமோ அவங்க அழுத்தட்டும். அதுக்கு முன்னாடி ரெண்டையும் இந்தப் பெரிய திரையில ஒரு தடவை பாக்கச் சொல்லு. தன்னை இவ்வளவு பெரிசா அவங்க பாத்திருக்க மாட்டாங்க.

— சொல்லிட்டேன். போடுங்க.

— சுருக்கினதை முதல்ல போடறேன்... என்ன சொல்றாங்க?

— யாரோ தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்காம். இது பேச்சே இல்லங்கறாங்க. இந்த ஓனரைப் பாத்தா ஓனர் மாதிரியே இல்லையாம்.

— இப்ப அசல்.

— சிரிக்கறாங்க. ஓனர் சரியா வந்திருக்காராம்... அக்கா, அந்த நாலாவது துண்டை அவங்க திரும்பப் போடச் சொல்றாங்க. நான் திரும்பிக்கறேன்.

— போட்டேன். முடிஞ்சுது. கையை மடியில வெச்சுட்டுப் பாத்துட்டே இருக்காங்க. உன்னைக் கூப்பிடறாங்க பாரு.

— நடுங்கினாலும் இது என் பேச்சுதான். மங்கலாக்கினா நான் அவர்கிட்ட ஒண்ணுமே பேசாத மாதிரி ஆயிடும். இதையெல்லாம் இன்னொரு தடவை இதே மாதிரி சொல்ல முடியுமோ முடியாதோ... அப்படிங்கறாங்கக்கா. அசலையே அனுப்பச் சொல்றாங்க.

— அவங்களையே அழுத்தச் சொல்லு. இந்த பட்டன்தான்.

— விரல் ஆடுதுன்னு பயப்படறாங்க.

— ஆடினா ரெண்டு தடவை அமுங்கும், அவ்வளவுதானே. கிளார்க்குக்கு ஒரு துண்டு கூடுதலா போகும். அழுத்துங்கம்மா... போயிடுச்சு. அடுத்தது.

— ஒன்பதும் அவங்களே அழுத்தறாங்களாம். என்னைத் தொட விட மாட்டேங்கறாங்க.

— விடு. நான் டீ சொல்லிட்டு வர்றேன்.

— அக்கா, ஒன்பதும் போய் எத்தனை நேரம் ஆச்சு? பதிலே காணோம். நீங்க பூட்டிட்டுக் கிளம்பணும்னா சொல்லுங்க, நாங்க படியில உக்காந்துக்கறோம்.

— பேசாம இரு. எனக்கு இங்க ஒரு மணப்பொண்ணோட அத்தை மூக்குல இருக்கற மரு போகணும், அதுவே சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். அங்க நெட்டு மெதுவாத்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டா இறங்கணும்ல... இரு, வந்துடுச்சு பாரு. கிளார்க் எழுதியிருக்காரு. ‘ஒன்பதும் கிடைத்தது. வரிசையாகப் பார்த்துவிட்டார். இரண்டு முறை பார்த்தார். அவருடைய பதிலை என் ஃபோனில் எடுத்து இணைத்திருக்கிறேன்.’

— வீடியோவா?

— ரொம்பச் சின்னது. ஒரு எம்பி கூட இல்ல. போடட்டுமா?

— அம்மாவுக்குத் தெரியற மாதிரி போடுங்க.

— நல்லா மங்கலா இருக்கு. இருந்தாலும் மனுஷனுக்கு எவ்வளவு பெரிய கை. எனக்கும் சொல்லு, என்ன சொல்றாரு?

— எல்லாத்தையும் பாத்தேங்கறாரு. பூனையை விரட்ட வேணாமாம், அது பாட்டுக்குப் படுத்துக்கட்டுமாம். அப்புறம்... நாளைக்குக் காலையில கீழ இறங்கற வண்டியில வர்றேங்கறாரு. என்ஜினீயர்கிட்ட போன வாரமே சொல்லிட்டாராம். வரைபடத்தைத் தனக்கு அடுத்து இருக்கறவன்கிட்ட குடுத்து, ஒவ்வொரு கோடா காட்டிக் குடுத்துட்டாராம்.

— போன வாரமா? இந்த வீடியோவை இப்பத்தானே பாத்தாரு?

— அதைத்தான் அம்மா கேக்கறாங்க... இருங்க, இன்னும் முடியல, அவரு கை இன்னும் மடிக்கு வரல.

— சொல்லு தங்கச்சி.

— முன்னாடி அனுப்பின ரெண்டும் எனக்கு ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது, கை ஆடறது படத்தோட கோளாறா இருந்துடாதான்னுதான் தெளிவா அனுப்பச் சொன்னேங்கறாருக்கா.